பேரரசர் பொம்மையா, சூத்திரதாரியா? ஜப்பானிய ராணுவவாத வரலாற்றைப் படிக்கும் முறை

நீங்கள் கேட்டது இதுதான்: "ஜப்பானிய ராணுவவாதம், அதன் போர்கள், தோல்விக்குப் பிந்தைய காலம் பற்றி நான்கைந்து புத்தகங்கள் படித்துவிட்டேன். ஒன்றில் பேரரசர் ஹிரோஹிதோ ராணுவத்தின் கைப்பொம்மை, இன்னொன்றில் போரை நடத்தியதே அவர்தான். ஒன்றில் நான்ஜிங்கில் 3 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், இன்னொன்றில் 40,000. எதை நம்புவது? எந்த வரிசையில் படிப்பது?" வரிசையைப் பிறகு சொல்கிறேன். முரண்படும் புத்தகங்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு உண்மைக்கு அருகில் போவது எப்படி என்பதே உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய, சீன மூலங்களை ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகவே அணுகுகிறேன். அந்தக் குறை இந்தப் பதிலுக்கும் உண்டு.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஆசிரியர் பெயருக்கு முன்னால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இந்தத் துறையில் பாதி முரண்பாடுகள் அங்கேயே அவிழ்ந்துவிடும். 1945 ஆகஸ்ட் நடுவில் சரணடைய முடிவு செய்ததற்கும், மாத இறுதியில் அமெரிக்கப் படை வந்து இறங்கியதற்கும் இடையே இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் ராணுவ அலுவலகங்கள் தங்கள் கோப்புகளை மலைமலையாக எரித்தன. ஆகவே முதல் தலைமுறை ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தவை போருக்குப் பின் நேச நாடுகள் நடத்திய தோக்கியோ போர்க்குற்ற விசாரணையின் சாட்சியங்களும் அங்கே தாக்கலான நாட்குறிப்புகளும்தான். 1928 முதல் ஒரு கும்பல் திட்டமிட்டுச் சதி செய்தது என்பது அந்த விசாரணையின் அரசுத் தரப்பு வாதம். பேரரசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்பது அமெரிக்க ஆக்கிரமிப்பை நடத்திய ஜெனரல் மெக்கார்தர் தரப்பு எடுத்த அரசியல் முடிவு. இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் "கெட்ட தளபதிகள், பாவம் பேரரசர்" என்ற கதைதான் வரும். 1950, 60களின் புத்தகங்கள் பல அப்படி இருப்பதற்கு இதுவே காரணம்.

பிறகு காகிதங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அரண்மனை ஆலோசகர் கிடோ கோயிச்சியின் நாட்குறிப்பு 1966இல் முழுமையாக அச்சானது. தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமா ஹாஜிமே எழுதி வைத்த உயர்மட்டக் கூட்டக் குறிப்புகள் 1967இல் வெளிவந்தன. ஹிரோஹிதோ 1989 ஜனவரியில் இறந்தார். அடுத்த ஆண்டே, 1946இல் அவர் தன் உதவியாளர்களிடம் சொல்லி எழுத வைத்த வாக்குமூலம் பத்திரிகையில் வந்தது. 2014இல் அரண்மனை நிர்வாகம் அவருடைய அதிகாரபூர்வ வாழ்க்கைப் பதிவேட்டை வெளியிட்டது. ஆகவே 1970இல் எழுதியவரும் 2000இல் எழுதியவரும் ஒரே மேசையில் ஒரே காகிதங்களை வைத்துக்கொண்டு சண்டை போடவில்லை. ஜான் டோலண்டின் 'உதயசூரியன்' வெளியான ஆண்டு 1970. ஜப்பானியத் தளபதிகள், அதிகாரிகளின் நேர்காணல்களால் உயிர்பெற்ற புத்தகம் அது, அவர்கள் மறைத்ததை அதுவும் மறைக்கும். ஹெர்பர்ட் பிக்ஸ் எழுதிய ஹிரோஹிதோ வாழ்க்கை வரலாறு 2000இல் வந்தது. 1989க்குப் பின் திறந்த காகிதங்கள் இல்லாமல் அப்படி ஒரு புத்தகம் எழுதியிருக்க முடியாது.

பேரரசர் விஷயத்தில் எது உறுதி, எது இழுபறி? அவருக்குப் போர் நடவடிக்கைகள் தொடர்ந்து தெரிவிக்கப்பட்டன, அவர் கேள்வி கேட்டார், சில நேரம் கடிந்துகொண்டார் என்பது உறுதி. 1941 செப்டம்பர் 5 அன்று, தென்திசைப் போர் மூன்று மாதத்தில் முடியும் என்ற சுகியாமாவிடம், சீன விவகாரம் ஒரு மாதத்தில் முடியும் என்றுதானே 1937இல் சொன்னீர், நான்கு ஆண்டாகியும் முடியவில்லையே என்று கேட்டார். சீனாவின் உள்நாடு பரந்தது என்று சுகியாமா சமாளித்தபோது, பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்றார். அன்றைய பிரதமர் கோனோயேயின் நினைவுக் குறிப்பில் உள்ள காட்சி இது. இளம் ராணுவ அதிகாரிகளின் 1936 பிப்ரவரி 26 கலகத்தின்போது கலகக்காரர்களை அடக்கியே தீர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். 1945 ஆகஸ்டில் சரணடையும் முடிவில் அவர் குரல்தான் முட்டுக்கட்டையை உடைத்தது. ஆக, "ஒன்றும் தெரியாதவர்" என்ற வாதம் நிற்காது. ஆனால் 1941 இலையுதிர் காலத்தில் அவர் மறுத்திருந்தால் போர் நின்றிருக்குமா என்பது இன்றும் இழுபறிதான். மறுத்திருந்தால் உள்நாட்டில் புரட்சி வெடித்திருக்கும் என்று 1946 வாக்குமூலத்தில் அவரே சொல்கிறார். அது மார்ச், ஏப்ரல் மாதங்களில் சொல்லி எழுதப்பட்டது, விசாரணை தொடங்கியது மே 3 அன்று. வழக்குக்கு முந்தைய மாதம் ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதற்கு என்ன மதிப்போ அதைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். பொய் என்று தள்ளவும் கூடாது, அப்படியே விழுங்கவும் கூடாது.

அடுத்து, அட்டூழியங்களைப் பற்றிய புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். அவை முக்கியமில்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்குபவர்கள் "ஜப்பானியர் இயல்பே அப்படி" என்ற முடிவோடு வெளியே வருகிறார்கள், பிறகு எந்தப் புத்தகமும் அவர்களுக்குள் போவதில்லை. முதலில் எலும்புக்கூட்டைப் பிடியுங்கள். 1889 மெய்ஜி அரசியல் சட்டத்தின் 11ஆவது பிரிவு, முப்படை அல்ல, அன்று இருந்த இருபடை, அதாவது தரைப்படை, கடற்படை இரண்டின் தலைமையையும் நேரடியாகப் பேரரசரிடம் கொடுத்தது. போர் நடவடிக்கை பற்றித் தளபதிகள் பிரதமரைத் தாண்டி அரண்மனைக்குப் போகலாம், பிரதமர் கேட்க முடியாது. 1900இல் இன்னொரு விதி வந்தது: படைத்துறை அமைச்சர்கள் பணியில் இருக்கும் உயர் அதிகாரிகளாகவே இருக்க வேண்டும். 1913இல் இது தளர்த்தப்பட்டது, 1936இல் மீண்டும் இறுக்கப்பட்டது. இதன் விளைவு எளிமையானது. ராணுவம் ஆள் தர மறுத்தால் அமைச்சரவையே அமையாது. 1937 ஜனவரியில் உகாகி என்ற ஓய்வுபெற்ற ஜெனரலே பிரதமராக முயன்று, ராணுவம் அமைச்சர் தர மறுத்ததால் கைவிட்டார். 1940 ஜூலையில் யோனாய் அமைச்சரவை இதே வழியில்தான் கவிழ்ந்தது. ஒரு ஜெனரலையே இன்னொரு ஜெனரல் கூட்டம் தடுக்கிறது என்றால், "ராணுவம்" என்று ஒரே சொல்லில் எழுதும் புத்தகம் உங்களுக்கு எதையும் விளக்கவில்லை என்று பொருள். போர் அமைச்சகம் வேறு, தலைமைத் தளபதி அலுவலகம் வேறு, மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த க்வாண்டுங் ராணுவம் வேறு. கடற்படை இவை எல்லாவற்றோடும் பகை.

1931 செப்டம்பர் 18 அன்று மஞ்சூரியாவின் முக்டன் நகர் அருகே ரயில் பாதையில் குண்டு வைத்தது க்வாண்டுங் ராணுவ அதிகாரிகள், பழி சீனர்கள் மேல் போடப்பட்டது. இதில் இன்று ஐயம் இல்லை. கொரியாவில் இருந்த தளபதி ஹயாஷி சென்ஜூரோ பேரரசரின் ஒப்புதல் இல்லாமலே படையை எல்லை தாண்டி அனுப்பினார். அன்றைய ராணுவச் சட்டப்படி அது மரண தண்டனைக்கு உரிய குற்றமாகக்கூட எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம். அமைச்சரவை பிறகு செலவுக்கு ஒப்புதல் கொடுத்தது, பேரரசர் பின்தேதியில் ஏற்றுக்கொண்டார். ஹயாஷி 1937இல் பிரதமரானார். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, முடிவெடுத்தவர், பிறகு ஒப்புதல் தந்தவர், தண்டிக்கப்பட்டவர். நான்காவது கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே போய்க்கொண்டிருப்பதை முப்பது பக்கத்துக்குள் பார்ப்பீர்கள். ராணுவவாதம் எப்படி வளர்ந்தது என்பதற்கு அந்த வெற்றுக் கட்டத்தைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

"புஷிதோ, சாமுராய் மரபு, அதனால்தான் கொடுமை" என்று எழுதும் புத்தகங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். புஷிதோவை உலகுக்கு அறிமுகப்படுத்திய நிதோபே இனாசோவின் புத்தகம் அமெரிக்காவில், ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசகருக்காக எழுதப்பட்டது, 1900 வாக்கில் வந்தது. 1904-05 போரில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை ஜப்பான் நன்றாகவே நடத்தியது. முதல் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானியக் கைதிகள் ஜப்பானின் பந்தோ முகாமில் 1918 ஜூன் 1 அன்று பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியையே வாசித்தார்கள். அதே நாட்டின் பிடியில் இரண்டாம் உலகப் போரில் மேற்கத்தியக் கைதிகளில் சுமார் 27 சதவீதம் பேர் இறந்தார்கள் என்று தோக்கியோ நீதிமன்றம் கணக்கிட்டது. மரபு அதேதான், இருபத்தைந்து ஆண்டில் மாறியது வேறு ஏதோ. கைதியாகி அவமானத்தோடு வாழாதே என்று வீரர்களுக்குச் சொன்ன 'களநெறி' 1941 ஜனவரியில்தான் வெளியிடப்பட்டது. இதையும் நேர்கோடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1894 நவம்பரிலேயே சீனத் துறைமுகமான போர்ட் ஆர்தரில் ஜப்பானியப் படை பொதுமக்களைக் கொன்று குவித்தது. மேற்கத்தியரின் பார்வை படும் இடத்தில் ஒரு நடத்தை, சீனர்களிடம் வேறு நடத்தை என்ற கோடும் கூடவே ஓடுகிறது.

எண்களுக்கு வருவோம். அன்றைய சீனத் தலைநகர் நான்ஜிங் 1937 டிசம்பர் 13 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தோக்கியோ தீர்ப்பு 2 லட்சத்துக்கு மேல் என்றது, நான்ஜிங்கில் நடந்த சீன விசாரணை 3 லட்சம் என்றது, ஹாத்தா இகுஹிகோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் சுமார் 40,000 என்றார், வேறு ஜப்பானிய ஆய்வாளர்கள் 1 முதல் 2 லட்சம் வரை போகிறார்கள். எண்ணைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எல்லைக்குள், மதில் சூழ்ந்த நகரமா, சுற்றியுள்ள ஆறு மாவட்டங்களும் சேர்த்தா? எத்தனை வாரத்துக்கு? சரணடைந்த பின் கொல்லப்பட்ட வீரர்கள் கணக்கில் உண்டா, இல்லையா? சரணடைந்தவனைச் சுட்டுக் கொல்வது போரில் சாவது ஆகாது. அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பல சிறிய எண்கள் கிடைக்கின்றன. படுகொலை நடந்தது என்பதில் இந்த ஆய்வாளர்கள் யாருக்கும் ஐயம் இல்லை. நடக்கவே இல்லை என்று சொல்லும் புத்தகத்தை இந்த விவாதத்தின் ஒரு "தரப்பு" என்று எண்ணி நேரத்தை வீணாக்க வேண்டாம். சீனாவின் மொத்த இழப்பு 3.5 கோடி என்று அடிக்கடி படிப்பீர்கள். அது இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்த அதிகாரபூர்வ எண். தமிழில் எழுதும்போது பலர் அதை "3.5 கோடி பேர் இறந்தார்கள்" என்று மாற்றிவிடுகிறார்கள். ஜப்பான் தன் தரப்பில் சொல்லும் எண் 31 லட்சம், அதில் படையினர் சுமார் 23 லட்சம். இந்தப் படையினரில் பாதிக்கு மேல் பட்டினியாலும் அதையொட்டிய நோயாலும் செத்தார்கள் என்று ஃபுஜிவாரா அகிரா வாதிட்டார். அந்த விகிதத்தைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. தன் வீரனுக்கே சோறு அனுப்பாத தலைமை என்ற பக்கம் மேற்கத்தியப் புத்தகங்களில் மிகக் குறைவாகவே வருகிறது.

ராணுவத்தின் பாலியல் அடிமை நிலையங்களில் இருந்த பெண்களின் எண்ணிக்கையும் இப்படித்தான். 20,000 முதல் 2 லட்சம் வரை சொல்வார்கள். பெயர்ப் பட்டியல் இல்லாததால், இத்தனை வீரருக்கு ஒரு பெண், இத்தனை முறை ஆள் மாற்றம் என்று ஊகித்துப் பெருக்கிய கணக்கு அது. பெருக்கும் எண்ணை மாற்றினால் விடை பத்து மடங்கு மாறும். ஆனால் நிலையங்களை அமைத்ததிலும் நடத்தியதிலும் ராணுவத்துக்குப் பங்கு உண்டு என்பது 1992 ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி வெளிக்கொணர்ந்த ஆவணங்களாலும், 1993இல் ஜப்பான் அரசே வெளியிட்ட கோனோ அறிக்கையாலும் உறுதியானது. கொரியாவில் பெண்களைத் தானே பிடித்துக்கொண்டுபோனதாகச் சொன்ன யோஷிதா என்பவரின் கதை பொய் என்று அசாஹி நாளிதழ் 2014இல் தன் பழைய செய்திகளைத் திரும்பப் பெற்றதைக் காட்டி மொத்தமே பொய் என்பார்கள். அந்த ஒரு சாட்சியை எடுத்துவிட்டாலும் மேலே சொன்ன ஆவணங்களும் உயிர் பிழைத்த பெண்களின் சாட்சியங்களும் அப்படியே நிற்கின்றன.

படிக்கும்போது இடறும் சின்ன விஷயங்களைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சில ஆங்கிலப் புத்தகங்கள் திருப்பிப் போடும், அதனால் 1941இல் பிரதமரான தோஜோ ஹிதேகியும் ஹிதேகி தோஜோவும் ஒருவரே. ஹிரோஹிதோ காலத்து ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், ஷோவா 16 என்றால் 1941. அவருக்கு முந்தைய பேரரசர்களின் ஆண்டுகளில் மெய்ஜிக்கு 1867, தைஷோவுக்கு 1911. பேர்ல் ஹார்பர் அமெரிக்கக் கணக்கில் டிசம்பர் 7, ஜப்பானியக் கணக்கில் 8. மலாயாவின் கோத்தா பாருவில் அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே சண்டை தொடங்கிவிட்டது. போருக்கு ஆசிரியர் வைக்கும் பெயரையும் கவனியுங்கள். 'பசிபிக் போர்' என்றால் கண் அமெரிக்காவின் மேல். 'பதினைந்தாண்டுப் போர்' என்றால் 1931இலிருந்தே ஒரே ஓட்டமாகப் பார்க்கிறார். 'மகா கிழக்காசியப் போர்' 1941 டிசம்பரில் தோஜோ அரசு சூட்டிய பெயர். இன்றைய புத்தகம் ஒன்று அதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் ஆசிரியர் நிற்கும் இடம் தெரிந்துவிடும். இன்னொரு சோதனை: 1937 முதல் 1941 வரையான சீனப் போருக்கு எத்தனை பக்கம் என்று உள்ளடக்கத்தில் எண்ணிப் பாருங்கள். ஒரே அத்தியாயத்தில் தாண்டியிருந்தால் அது அமெரிக்கப் போரின் புத்தகம், ஜப்பானிய ராணுவவாதத்தின் புத்தகம் அல்ல.

தோல்விக்குப் பிந்தைய காலத்தில் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் தோக்கியோ விசாரணையின் இந்திய நீதிபதி ராதாபினோத் பால். தோக்கியோவில் 11 நீதிபதிகள், 28 பேர் மீது குற்றச்சாட்டு. இருவர் வழக்கின் நடுவே இறந்தார்கள், ஒருவர் மனநிலை காரணமாக நீக்கப்பட்டார், மீதி 25 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. ஏழு பேர் 1948 டிசம்பர் 23 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். பால் மட்டும் அனைவரையும் விடுவிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது, அன்று இல்லாத சட்டத்தைப் பின்னோக்கிப் பாய்ச்ச முடியாது, சதி நிரூபிக்கப்படவில்லை என்பது. ஜப்பானியப் படை கொடுமை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. நான்ஜிங் உள்ளிட்ட அட்டூழியங்களுக்கான சான்று மிக வலுவானது என்று அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். 1952இல் ஜப்பானில் 'ஜப்பான் நிரபராதி' என்ற பொருள்படும் தலைப்போடு ஒரு சுருக்கம் வந்தது, பாலைப் பற்றி இன்று இணையத்தில் சுற்றுவதில் பெரும்பகுதி அந்தச் சுருக்கத்தின் எதிரொலி. அதைத் தொகுத்தவரே பிற்பாடு நான்ஜிங்கைப் பிடித்த படையின் தளபதி மட்சுயியின் நாட்குறிப்பைப் பதிப்பித்தபோது நூற்றுக்கணக்கான இடங்களில் மாற்றியிருந்தது 1985இல் அம்பலமானது. பாலைப் படிப்பதானால் 1953இல் கல்கத்தாவில் அச்சான முழுத் தீர்ப்பைப் படியுங்கள். கூடவே பிரெஞ்சு நீதிபதி பெர்னாரின் மறுப்பையும் படியுங்கள். முதன்மைப் பொறுப்பாளி தப்பிவிட்டார் என்று பேரரசரைச் சுட்டி அவர் எழுதியது இந்தியாவில் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த விசாரணையோடு கதை முடியவில்லை. பல நாடுகளில் நடந்த மற்றப் போர்க்குற்ற வழக்குகளில் சுமார் 5,700 பேர் நிறுத்தப்பட்டார்கள், அதில் கைதி முகாம் காவலராக இருந்த கொரியர்களும் தைவானியரும் உண்டு. மனிதர்கள் மேல் கிருமிச் சோதனை நடத்திய 731ஆவது பிரிவின் தலைவர் இஷீ ஷிரோவோ, தன் தரவுகளை அமெரிக்காவிடம் கொடுத்துத் தப்பினார். தோஜோ அமைச்சரவையில் இருந்து, போர்க்குற்றச் சந்தேகத்தில் சிறையிலிருந்த கிஷி நொபுசுகே 1957இல் பிரதமரானார். 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டுக்கு அதிகம் அடிபட்ட சீனாவும் கொரியாவும் அழைக்கப்படவில்லை. இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்த்தனா அங்கே தம்மபதத்தை மேற்கோள் காட்டி இழப்பீடு வேண்டாம் என்றார். இந்தியா மாநாட்டுக்கே போகாமல் 1952இல் தனி ஒப்பந்தம் செய்துகொண்டது. இன்றைய பாடநூல் சண்டை, போரில் இறந்தவர்களை வணங்கும் யசுகுனி ஆலயச் சண்டை எல்லாவற்றுக்கும் வேர் இந்த ஆண்டுகளில் இருக்கிறது. இந்தக் காலத்துக்கு ஜான் டவரின் 'தோல்வியைத் தழுவி' (1999) என்ற புத்தகத்தைத் தயங்காமல் சொல்வேன். கறுப்புச் சந்தை, பட்டினி, தணிக்கை என்று கீழிருந்து மேலாகப் பார்க்கும் புத்தகம்.

இப்போது வரிசை. முதலில் 1868க்குப் பிந்தைய ஜப்பான் பற்றிய பொது வரலாறு ஒன்று, அதில் 1889 முதல் 1952 வரை போதும். இரண்டாவது, 1941 உயர்மட்டக் கூட்டங்களின் குறிப்புகள். இக்கே நொபுதாகா 1967இலேயே ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். யார் யாரிடம் எதை மழுப்பினார்கள் என்று உங்கள் காதாலேயே கேட்கலாம். மூன்றாவது, சீன மண்ணிலிருந்து எழுதிய போர் வரலாறு ஒன்று. நான்காவதாகத்தான் அட்டூழியங்கள், விசாரணைகள். கடைசியில் 1945க்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலமும் நினைவு அரசியலும். ஒவ்வொரு புத்தகத்திலும் உங்களை அதிரவைத்த ஐந்து இடங்களை எடுத்து, பின்னிணைப்பில் அடிக்குறிப்பைப் பாருங்கள். அது 1945க்கு முந்தைய ஆவணமா, பிந்தைய நினைவுக் குறிப்பா, இன்னொரு ஆங்கிலப் புத்தகமா? மூன்றாவது வகையே நிறைய இருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். ஆவணங்களை நேரே பார்க்க வேண்டுமானால், ஆசிய வரலாற்றுப் பதிவுகளுக்கான ஜப்பான் மையம் 2001 முதல் அரசுக் கோப்புகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ஆங்கிலத்திலும் தேடலாம்.

நாம் தமிழர் என்பதால் தெரியவேண்டிய ஒரு கிளை இருக்கிறது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். அதில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல் என்று ஓரளவு துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் பட்டாளத்துக்குப் பதிவேடு உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 2 லட்சம், இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பதெல்லாம் மதிப்பீடு மட்டுமே. அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலப் புத்தகங்களில் இவர்கள் ஒரு பத்தியில் முடிந்துவிடுவதும் அதனால்தான். ஜப்பானியர் காலத்தில் சுமத்ராவின் மேடான், மலாயாவின் பினாங்கு நகரங்களின் காற்று எப்படி இருந்தது என்று அறிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நாவல் என்ற நினைவோடு. நேதாஜியின் வழியாக மட்டும் ஜப்பானை அறிந்தவர்களுக்கு நோட்டில் ஒரே பக்கத்தில் எழுத மூன்று தேதிகள்: 1943 அக்டோபர் 17, சயாம் பாதையின் இரு முனைகளும் இணைந்தன, அக்டோபர் 21, சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது, அக்டோபர் 25, பாதையின் திறப்பு விழா.